நட்சத்திரத்துக்குத் தாலாட்டா?

அண்மைக் காலமாக எமது பாடசாலை மேடைகளில் ஒரு காட்சி அடிக்கடி அரங்கேறி வருகிறது. சகவாழ்வு, தேசிய ஒருமைப்பாடு, இன நல்லுறவு என்று ஏதாவதொரு பெயரில் ஒரு விழா. எமது பிள்ளைகள் ஆறேழு பேர் சீத்தையும் சட்டையும் உடுத்து, இடுப்பில் குடமேந்தி மேடைக்கு வருவார்கள். கீபோட் வாசிப்பவர் ஒரு பொத்தானை அமுக்குவார். அது தானாகவே தாளம் கொட்டத் தொடங்கும். பிள்ளைகள் ஒரு சிங்கள நாட்டார் பாடலைப் பாடுவார்கள். அதிகாரிகள் கைதட்டுவார்கள். பத்திரிகைக்குப் படம் போகும். அடுத்த நாள் அந்தப் பாட்டைப் பிள்ளைகளும் மறந்துவிடுவார்கள், பழக்கிய ஆசிரியரும் மறந்துவிடுவார்.

இதனை நான் வெளியில் நின்று குற்றம் சொல்லவில்லை. அவ்வாறு பழக்கிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களோடு வாதாட எனக்கு உரிமை உண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு விழாவுக்கு ஒரு சிங்களத் தாலாட்டைத் தெரிவு செய்தேன். ஒலிநாடாவொன்றில் கேட்டு, கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதி, பிரதியெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மெட்டை மெலோடிக்காவில் எடுத்தேன். இரண்டே கிழமைகளில் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவித்தார்கள். அதாவது பிழையில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். விழாவில் எமக்குப் பரிசும் கிடைத்தது. கீழே இறங்கி வரும்போது முன்வரிசையில் இருந்த ஒரு சிங்கள ஆச்சி, தலைமைப் பாடகியாக நின்ற மாணவியைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆச்சி மீண்டும் கேட்டார். பிள்ளை மீண்டும் தலையாட்டினாள். பிறகு என்னிடம் ஓடி வந்து, "என்ன கேக்காங்க சேர்?" என்றாள்.

ஆச்சி கேட்டது இதுதான்: "மகள், நட்சத்திரங்களையா நீ உறங்க வைக்கிறாய்?"

சிங்களத்தில் பிள்ளையைக் குறிக்கும் சொல்லும் நட்சத்திரங்களைக் குறிக்கும் சொல்லும் முதல் எழுத்தின் ஒலியால் மாத்திரமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'தரு' என்றே எழுத வேண்டும். 'தம்பி' என்பதில் வரும் வல்லோசைத் தகரத்தால் சொன்னால் அது நட்சத்திரங்கள். 'சந்தை' என்பதில் நகரத்தை அடுத்து வரும் மெல்லோசைத் தகரத்தால் சொன்னால்தான் அது பிள்ளை. தமிழில் சொல்லின் முதலில் வரும் தகரத்தை வல்லோசையாகச் சொல்வதே எமக்கு இயல்பு. ஆகவே என் எழுத்தை நம்பிய பிள்ளைகள், தொட்டிலில் கிடந்த குழந்தையை வானத்தில் ஏற்றிவிட்டார்கள். போதாக்குறைக்குப் பின்னணியில் கீபோட்டின் தாளம் வேறு. உறங்க வைக்கும் பாட்டுக்கு மேளமடித்தால் எந்தக் குழந்தை உறங்கும்? சபையில் இருந்த நடுவர்களில் ஒருவருக்கும் இது பிழையாகப் படவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தும் விடயம்.

இந்தக் கதையை அண்மையில் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடிய இடத்தில் சொன்னேன். மூன்று விதமான பதில்கள் வந்தன. அந்த மூன்றுக்கும் மறுப்புச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலாவது பதில்: "அதுதான் சொல்கிறோம், எமக்கேன் அடுத்தவன் பாட்டு? எமது தனித்துவத்தைப் பேணுவோம்."

தனித்துவம் என்ற இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தனித்துவம் பேசும் இதே நண்பர்களின் வீட்டுக் கலியாணங்களில் ஒலிக்கும் இஸ்லாமிய கீதங்களை ஒருமுறை உற்றுக் கேளுங்கள். எத்தனை கீதங்கள் ஹிந்திச் சினிமா மெட்டில் அமைந்தவை! பம்பாயின் மெட்டு தனித்துவத்தைக் கெடுக்காது, பக்கத்து வயற்காரனின் மெட்டு மாத்திரம் கெடுத்துவிடுமா? நாம் கையில் எடுக்கும் றபானின் பெயரே மலாய் மொழியின் 'ரெபானா'வோடு உறவுடையது. அதே றபானைக் கையில் வைத்துத்தான் சிங்களக் கிராமத்தான் விரிந்து பாடுகிறான். அதன் பெரிய வடிவத்தைச் சுற்றியிருந்துதான் சிங்களப் பெண்கள் சித்திரைப் புத்தாண்டில் தட்டுகிறார்கள். எமது பக்கீர்மாரின் பைத்தையும் சிங்கள விரிந்துவையும் அடுத்தடுத்துக் கேட்பவனுக்குத் தோல் வாத்தியத்தின் மேல் சொல்லை ஏற்றிச் செல்லும் அந்த வித்தையின் நெருக்கம் விளங்கும். வேலி போட வந்தவர்கள் வேலிக்கடியால் ஓடும் வேரைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் ஹங்கேரி நாட்டு இசையறிஞர் பேலா பார்ட்டோக்கை நினைவூட்டுவது பொருத்தமாகும். 1881இல் பிறந்து 1945இல் மறைந்த அவர், தன் நாட்டுப் பாடல்களை மட்டும் சேகரித்து நின்றுவிடவில்லை. ஸ்லோவாக்கியரிடமும், 1909 முதல் ருமேனியரிடமும் கிராமம் கிராமமாகப் போனார். அதற்காகவே அவர்களது மொழிகளைக் கற்றார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்குப் போய் அறபுக் கிராமியப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். 1936இல் துருக்கி சென்று, அந்நாட்டு இசைஞர் அத்னான் சைகுனோடு அதானா பிரதேசத்தில் திரிந்து பாடல்களைப் பதிந்தார். அங்கே ஒஸ்மானியேயில் ஒரு முதியவர் பாடிய முதற்பாட்டே பழைய ஹங்கேரியப் பாட்டொன்றின் சாயலில் இருப்பதைக் கண்டு வியந்து மகிழ்ந்தார். முஸ்லிம்களின் கிராமியப் பாட்டைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஒருவர் கருவியைச் சுமந்து வந்திருக்கிறார். எம்மவர்களுக்கோ ஐந்து கட்டை தள்ளியுள்ள ஊருக்குப் போகச் சோம்பலாக இருக்கிறது.

பார்ட்டோக்குக்கும் தனித்துவக்காரர்கள் தொல்லை கொடுக்காமல் விடவில்லை. முதலாம் உலகப் போரின் முடிவில் ஹங்கேரி தன் நிலப்பரப்பின் பெரும்பகுதியை இழந்திருந்த நேரம் அது. 1920இல், ருமேனியப் பாடல்களைப் பற்றி எழுதிய குற்றத்துக்காக அவரைத் தேசப்பற்றில்லாதவர் என்று சொந்த நாட்டவரே தூற்றினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1942இல், இனத்தூய்மை என்ற வெறி உலகை எரித்துக்கொண்டிருந்தபோது, இசையில் இனத்தூய்மை என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அயல் மக்களின் பாடல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கலந்ததனால்தான் கிழக்கு ஐரோப்பாவின் நாட்டார் இசை செழித்தது என்பதே அதன் சாரம். போரும் பகையும் உள்ள நாட்டில் பாட்டைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எமக்கு வேண்டுமா?

இரண்டாவது பதில்: "இசைக் கருவிகள் மார்க்கத்தில் ஆகாது. பிறகென்ன பேச்சு?"

இதில் பத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. தப்ஸ் கொட்டுவது முதல் ஏனைய கருவிகள் வரை உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அனைவரும் அறிவோம். பேணுதலாக ஒதுங்கி நிற்பவரை நான் மதிக்கிறேன். அவருக்கு என் வாதம் இவ்வளவுதான்: கருவியை விடுங்கள், குரலை எடுங்கள். நாட்டார் பாடல்களில் பெரும்பாலானவை கருவியின்றிப் பிறந்தவை. நாற்றுநடும் பெண்ணின் கை சேற்றில் இருக்கிறது, அவள் எந்த வாத்தியத்தைப் பிடிப்பாள்? காவற்பரணில் தனித்திருப்பவனுக்கு அவனது தொண்டைதான் வாத்தியம். ஆனால் ஒன்று. இந்தத் தடையை நினைவூட்டுபவர்களில் சிலர், தொலைக்காட்சித் தொடரின் பின்னணி இசைக்கு முன்னால் இரவு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மார்க்கம் நினைவுக்கு வருவது பக்கத்து வீட்டுக்காரனின் பாட்டைக் கற்கச் சொல்லும்போது மாத்திரம். இவர்களோடு எனக்கு வழக்குண்டு.

மூன்றாவது பதில்தான் மிகவும் ஆபத்தானது. அது அன்பாகச் சொல்லப்பட்டது. "ஏன் சேர் இவ்வளவு கடுமை? பிள்ளைகள் பாடினார்களே, அதுவே பெரிய விடயம். மனம்தான் முக்கியம், உச்சரிப்பு அல்ல."

இல்லை. இந்த நாட்டில் உச்சரிப்பு உயிர்ப் பிரச்சினையாகிய நாட்களை நாம் பார்த்தோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் எம்மவரின் சாப்பாட்டுக் கடையொன்றில் என்ன நடந்தது? கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். காசாளராக இருந்த தமிழ் பேசும் இளைஞனுக்குக் கேள்வி சரிவர விளங்கவில்லை. ஓம் என்பதுபோல் பதில் சொன்னான். அதனை ஒளிப்பதிவு செய்து பரப்பினார்கள். கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த சில தினங்களில் திகனையும் எரிந்தது. அது வெறும் மாக்கட்டிதான் என்பது பிறகு தெரியவந்து என்ன பயன்?

என்னைத் தவறாக விளங்கிவிட வேண்டாம். குற்றம் அந்த இளைஞனுடையதல்ல. கேள்வி கேட்க வந்தவர்கள் பதிலைத் தேடி வரவில்லை, சாட்டைத் தேடி வந்தார்கள். அவன் சுத்தச் சிங்களத்தில் மறுத்திருந்தாலும் வேறொரு சாட்டு கிடைத்திருக்கும். பாட்டுப் படித்தால் கலவரம் நின்றுவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியும் அல்லன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் எமது ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஒருவன் அப்படி எழுதமாட்டான். ஆனால் அந்த விழா மேடைக்குக் கீழே என் மாணவி தலையாட்டிய காட்சி, அம்பாறைச் செய்தியைக் கேட்டபோது என் கண்முன் வந்து நின்றது. விளங்காத கேள்விக்குச் சிரித்துத் தலையாட்டும் பழக்கத்தை அவளுக்கு மேடையேற்றிக் கற்றுக்கொடுத்தவன் நான். அர்த்தம் தெரியாத பாட்டைப் பாடிக் கைதட்டு வாங்கும் பிள்ளை, அர்த்தம் தெரியாத வசனத்துக்கு ஓம் சொல்லவும் பழகுகிறது. இதுதான் என் குற்றச்சாட்டு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. சட்டமும் பாடத்திட்டமும் காகிதத்தைத் தரும், காதைத் தரா. காதைத் தரக்கூடியது பாட்டு. அந்தப் பாட்டையும் நாம் காகிதமாக்கிவிட்டோம்.

அப்படியானால் எப்படிக் கற்பது? குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது ஆசிரியனுக்கு அழகல்ல. நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பாட்டு எந்த வேலைக்குரியது என்று அறிய வேண்டும். சிங்கள நாட்டார் பாடல் என்று ஒரு மூட்டை கிடையாது. வயலில் பாடும் கொயம் கவி உண்டு, களைபிடுங்கும் பெண்களின் நெலும் கவி உண்டு. சேனையில் யானையும் பன்றியும் வராமல் இரவில் விழித்திருப்பவனின் பெல் கவி உண்டு. வண்டிக்காரனின் கரத்த கவி, காரீயச் சுரங்கத் தொழிலாளியின் பதல் கவி, ஆற்றில் பாதை தள்ளுவோரின் பாரு கவி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உழைப்பின் மூச்சு. பெல் கவிக்குக் கட்டிறுக்கமான தாளமில்லை. அடுத்த பரணில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும், தனக்கும் உறக்கம் வரக்கூடாது. ஆகவே அது நீட்டி இழுக்கும். அதற்குக் கீபோட்டின் தாளப் பொத்தானை அமுக்குகிறவர் பரணையும் யானையையும் இருட்டையும் ஒன்றாகக் கொல்கிறார்.

இரண்டாவது, எழுத்தைக் கற்க வேண்டும். சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். ககரம், தகரம், பகரம் யாவற்றிலும் அந்த 'தரு'வின் கதைதான். சோற்றுக்குரிய 'பத்' என்ற சொல்லை எமது பகரத்தால் தொடங்கினால் அது இலையோ தாளோ ஆகிவிடும். தமிழில் இல்லாத ஓர் உயிரொலியும், அரைவாசி மூக்கொலியோடு வரும் எழுத்துகளும் அங்கு உண்டு. ஒரு பாட்டுக்கு வேண்டிய எழுத்துகள் இருபதுக்கு மேல் வராது. ஒரு பாட்டைச் சாட்டாக வைத்தே அவற்றைக் கற்பித்துவிடலாம்.

மூன்றாவது, செய்யுளின் கட்டை அறிய வேண்டும். எமது செவி அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும். சிங்களச் சிவ்பதத்தின் நான்கு அடிகளும் முடிவில் ஒன்றாக ஒலிக்கும். அங்கு பெருவழக்காயுள்ள சமுத்திரகோஷ விருத்தத்தில் அடிக்குப் 18 மாத்திரை. இது தெரியாமல் வாசிப்பவர் அடியின் முடிவில் நிற்க வேண்டிய மூச்சை நடுவில் விடுகிறார். ஆகவே, பாட முன்னர் வசனமாகச் சொல்லிப் பழக்குங்கள். வாத்தியத்தைத் தொட முன்னர் பாடிப் பழக்குங்கள்.

நான்காவது, வாத்தியம் பாட்டுக்குப் பணிய வேண்டும். அநேகமான பழைய பாடல்கள் மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே அசைபவை. 'வெறுமையாக இருக்கிறதே' என்று நாம் சுரங்களைச் சேர்க்கிறோம். அது எம் செவியின் வறுமை, பாட்டின் வறுமையல்ல. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் இடங்களைக் கட்டைகளாலான கருவி காட்டாது. மூங்கிற் குழலோ வயலினோ ஓரளவு காட்டும். அடுத்தவரின் தராசில் பாட்டை நிறுக்கும் வேலை சிங்கள இசையுலகிலும் நடந்திருக்கிறது. 1952இல் இலங்கை வானொலி தன் பாடகர்களைத் தரம்பிரிக்க லக்னோவிலிருந்து ரத்னஜங்கர் என்ற மேதையை அழைத்தபோது, சுனில் சாந்த அந்தச் சோதனைக்குப் போக மறுத்தார். தன் வானொலி வாய்ப்பையே அதற்கு விலையாகக் கொடுத்தார். ஒரு மக்களின் பாட்டுக்கு அந்த மக்களின் செவியே அளவுகோல் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது, ஆளிடம் கற்க வேண்டும். ஒலிநாடா திருத்தாது, ஆள் திருத்துவார். தமிழகத்தில் பிறந்து இங்கு வந்து, 1991இல் மறைந்த முகைதீன் பேக்கைப் பாருங்கள். அவர் பாடிய வெசாக் பாடல்களைச் சிங்கள மக்கள் இன்றும் தம்முடையவையாகவே கேட்கிறார்கள். தன் ஈமானை விடாமலே அயலவனின் சொல்லைச் சுத்தமாகச் சொல்ல முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இவ்விடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். "நாம் மட்டுமா கற்க வேண்டும்? அவர்கள் எமது பாட்டைக் கற்பார்களா? சிங்கள நாடகங்களில் எம்மைக் கொச்சைச் சிங்களம் பேசும் தம்பியாகத்தானே காட்டுகிறார்கள்?" உண்மை. அந்தக் கேலி வலிக்கிறது. சிங்களப் பாடசாலைகளில் எமது கவிகள் ஒலிக்க வேண்டும் என்று நான் உரத்துக் கேட்பேன். ஆனால் கேட்பதற்கு முன்னர் எமது மடியைத் தட்டிப் பார்ப்போம். கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம்? கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் ஓராட்டும், வயல்வெளியின் கவிகளும், களவெட்டியின் பொலிப்பாட்டும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது இப்பிரதேசத்தின் நாட்டார் வழக்குகளைப் பதிந்து வைத்தார். நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் ஊரூராய்த் திரிந்து எமது கவிகளைத் திரட்டினார். அவர்களது உழைப்பை நூலக இறாக்கையில் தூசிபிடிக்க விட்டுவிட்டு, சிங்களவன் எமது பாட்டைப் பாடவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

அந்த விழாவுக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆச்சியின் ஊரை விசாரித்து, பாடிய பிள்ளைகளையும் அவர்களது உம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போனேன். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் கிராமம் அது. எமது வட்டைக்கு வரும் அதே வாய்க்கால்தான் அவர்களுக்கு மேலே ஓடுகிறது. ஒரு பாட்டைக் கற்க நான்கு தடவை போனோம். ஆச்சி அந்தத் 'தரு'வைப் பிள்ளைகளின் நாக்கில் திருத்தியது முதல் நாளே முடிந்தது. மூச்சைத் திருத்தத்தான் மூன்று நாள் எடுத்தது. அங்கேதான் ஒரு விடயம் அறிந்தேன். களவெட்டியில் நாம் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்போம் அல்லவா? அவர்களும் கமதயில் நெல்லுக்குரிய வழமையான சொல்லைச் சொல்லமாட்டார்கள், 'பெத' என்பார்கள். மாடுகளுக்கும் அங்கே வேறு பெயர். இரண்டு மொழிக்காரர்களும் விளைச்சலுக்கு முன்னால் ஒரே மரியாதையோடு நாக்கை அடக்கியிருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய, வயற்காரன் மகனான எனக்கு இதைச் சொல்லித்தர ஒரு தாலாட்டு தேவைப்பட்டது.

கடைசி நாள் ஆச்சி, "உங்கள் தாய்மார் எதைப் பாடி உறங்க வைப்பார்கள்?" என்று கேட்டார். இம்முறை கேள்வி பிள்ளைகளுக்கு விளங்கியது. பதில்தான் அவர்களிடம் இருக்கவில்லை. உம்மாமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த கிழமை அதே மாணவி தன் மூத்தம்மாவிடம் கேட்டு, நான்கு ஓராட்டுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்தக் கிழவிக்கு அவை தெரியும் என்பதே வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எவரும் கேட்டதில்லை.

நாங்கள் இப்போது ஒரு தவணைக்கு ஒரு பாட்டுத்தான் கற்கிறோம். மேடைக்கு அவசரமில்லை. கீபோட் அலுமாரியில் இருக்கிறது. விழாக்காரர்கள் கடிதம் அனுப்பினால், பிள்ளைகளுக்கு அர்த்தம் விளங்கிய பின்னர் வருகிறோம் என்று பதில் எழுதுகிறேன். எம்மவர்களிடம் நான் கேட்பதும் இதையே. அடுத்தவனின் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது கற்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லுங்கள். விளங்காமல் தலையாட்டுவதை மட்டும் எமது பிள்ளைகளுக்கு இனியும் கற்றுக்கொடுக்காதீர்கள்.